பைராக்சீன் இருந்தால் மட்டும் போதாது

புதுச்சேரியில் வீடு கட்ட இறக்கும் கருங்கல் ஜல்லியில் ஒரு துண்டை எடுத்து, புதிதாக உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள். விழுப்புரம் பக்கத்துக் குவாரிகளில் சார்னோகைட் நிறைய உண்டு. அந்தக் கருங்கல்லில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள்தான் அதிகம். இடையிடையே பழுப்பேறிய கரும் மணிகள் தெரியும். அவற்றில் பல பைராக்சீன் என்ற கனிமம். இந்தப் பாறைக்கு 1893-இல் பெயர் வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்து வைத்த பெயர் அது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான்.

கல் கறுப்பு, பைராக்சீனும் இருக்கிறது. அதற்காக இதை அல்ட்ராமாஃபிக் பாறை என்று சொல்லிவிட முடியாது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனிமங்கள் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர். கடைகளில் பிளாக் கிரானைட் என்று விற்கும் டோலரைட்டில் பைராக்சீன் தாராளம்தான். ஆனால் ஃபெல்ட்ஸ்பாரும் ஏறக்குறைய அதே அளவுக்கு இருப்பதால் அதுவும் தேறாது.

சரி, பைராக்சீனின் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது ஒரு நான்முகி. ஒவ்வொரு நான்முகியும் தன் ஆக்சிஜன்களில் இரண்டைப் பக்கத்தில் உள்ளவற்றோடு பங்கிட்டுக்கொண்டு, பூச்சரம் மாதிரி ஒற்றைச் சரமாக நீள்கிறது. சரங்களுக்கு நடுவே மக்னீசியம், இரும்பு, கால்சியம் உட்கார்ந்து பிணைக்கின்றன. அந்தப் பிணைப்பு தளர்வாக உள்ள தளங்களில் கனிமம் பிளக்கும். பிளவுகள் சந்திக்கும் கோணம் 87, 93 பாகை, கிட்டத்தட்ட செங்கோணம். இதே போலக் கறுத்த ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தில் சரம் இரட்டை; கோணம் 56, 124 பாகை. லென்ஸ் ஒன்று இருந்தால் பல சமயம் இரண்டையும் பிரித்துவிடலாம்.

பைராக்சீனில் இரண்டு கிளைகள் முக்கியம். கால்சியம் மிகக் குறைந்தது ஆர்த்தோபைராக்சீன். என்ஸ்டடைட் இந்தக் கிளை, சார்னோகைட்டில் உள்ளதும் இதுதான். கால்சியம் நிறைந்தது கிளைனோபைராக்சீன். டயோப்சைடும் ஆகைட்டும் அதில் வரும்.

அல்ட்ராமாஃபிக் பாறைகளுக்குப் பெயர் வைக்கும்போது முதலில் ஆலிவின் என்ற மக்னீசியக் கனிமத்தைத்தான் அளக்கிறார்கள். 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பெரிடோடைட், 90-ஐத் தாண்டினால் டியூனைட். 40-க்குக் கீழே போய்ப் பைராக்சீன் ஓங்கினால் பைராக்சினைட். ஆனால் பாறையின் வரலாற்றைச் சொல்வது ஆலிவினைவிட பைராக்சீன்தான் என்பது என் எண்ணம். பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் மெல்ல மேலெழும்போது அழுத்தம் குறைந்து, அதில் ஒரு பகுதி மட்டும் உருகும். தொடக்கத்தில் இரண்டு பைராக்சீனும் இருக்கும். அந்தப் பாறை லெர்சோலைட். உருகும்போது முதலில் தீர்ந்துபோவது கிளைனோபைராக்சீன். அதிலிருந்த கால்சியம் எரிமலைக் குழம்போடு மேலே போய் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் சேர்கிறது. அடியில் ஆலிவினும் ஆர்த்தோபைராக்சீனும் மிஞ்சினால் அது ஹார்ஸ்பர்கைட். ஆக, எந்தப் பைராக்சீன் காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தாலே, அந்தப் பாறை எவ்வளவு உருகி இழந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். பைராக்சினைட்டின் கதை வேறு. பெரும்பாலும் அது மிச்சப் பாறை அல்ல. குழம்பு குளிரும்போது பைராக்சீன் படிகங்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. அப்புறம், அதில் சிலிக்கா 50 விழுக்காடும் அதற்கு மேலும்கூட இருக்கலாம் என்பதால், 45-க்குக் கீழ் இருக்க வேண்டிய அல்ட்ராபேசிக் வகைக்குள் அது பல சமயம் வராது. அல்ட்ராமாஃபிக், அல்ட்ராபேசிக் இரண்டு சொல்லும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

கடலூர் கேப்பர் மலையின் சிவந்த மணற்கல்லில் ஆலிவினையும் பைராக்சீனையும் தேடிப் பயனில்லை. நம் வெயிலிலும் மழையிலும் முதலில் சிதைவது ஆலிவின், அடுத்தது பைராக்சீன், குவார்ட்ஸ்தான் தாக்குப்பிடிக்கும். அல்ட்ராமாஃபிக் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் போகலாம். அங்கே டியூனைட்டை வெள்ளைக்கல் நரம்புகள் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன. ஆலிவினின் மக்னீசியத்தோடு கார்பன் டைஆக்சைடு கலந்த நீர் வினைபுரிந்து உண்டான மேக்னசைட் அது. உலைகளின் உள்சுவருக்குச் செங்கல் செய்ய வெட்டி எடுக்கிறார்கள்.