வளவுச் சுவருக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது வீடு. காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில், பங்காளிகள் ஒன்றுகூடித் தங்கள் பாட்டையா கட்டிய வீட்டின் முன்பகுதியைக் கலைப்பொருள் காட்சிக்கூடமாக மாற்ற முடிவு செய்திருந்தார்கள். எண்ணம் நல்லது, செலவழிக்கவும் அவர்கள் தயங்கவில்லை. ஆனால் திறப்புக்குச் சில நாட்கள் இருக்கையில், வருகிறவர்களின் கண்ணுக்குச் சுவர் இன்னும் சற்றுப் பளிச்சென்று தெரியட்டுமே என்று எண்ணி, வளவின், அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியின், நான்கு பக்கச் சுவர்களுக்கும் வார்னிஷ் அடித்துவிட்டார்கள். ஐப்பசி மழை முடிந்தபோது சுவரெங்கும் கொப்புளம் கட்டியிருந்தது. தொட்ட இடத்தில் வார்னிஷ் படலத்தோடு நூறாண்டுப் பழைய மேற்பூச்சும் சேர்ந்து கையில் வந்தது. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள். மரபுக் கட்டடங்களைச் சீரமைக்கும் எங்களுக்கு எப்போதும் அதன் பிறகுதான் அழைப்பு வருகிறது.

செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயா என்று நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்ய, போன இடங்களில் ஈட்டிய பொருள், பர்மாத் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் இந்த வறண்ட மண்ணுக்கு வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வரவு அறுந்தது. வீடுகள் மெல்ல மெல்லப் பூட்டப்பட்டு, கல்யாணத்துக்கும் முன்னோர்க்கான படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுபவை ஆயின. புள்ளிகள், அதாவது மணமானதும் தனியாகக் கணக்கிடப்படும் குடும்பங்கள், பெருகி, ஒரு வீட்டுக்கு ஐம்பது உரிமையாளர்கள் சேர்ந்த பிறகு, பராமரிப்பது யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் பிரித்து விற்கப்பட்ட வீடுகளும் உண்டு. அவற்றின் தூண்களையும் கதவுகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். ஆகவே ஒரு குடும்பம் வீட்டைப் பிரிக்காமல் காட்சிக்கூடமாக்க முன்வருகிறது என்றால் அதை மனதார வரவேற்கிறேன். பெண்ணுக்குக் கொடுத்த சீரை ஊரார் பார்க்கச் சாமான் பரப்பி வைத்த வீடுகளுக்குக் காட்சி என்பது புதிதும் அன்று.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், காட்சிப்பொருள் எது என்பதில்தான். பர்மா அரக்குக் கூடைகளையும் மங்குப் பாத்திரங்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள், அந்தப் பெட்டி சாய்ந்து நிற்கும் சுவரை வெறும் பின்னணி என்று எண்ணிவிடுகிறார்கள். இராமநாதபுரத்தில் சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசம் இன்று தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வாளையும் ஈட்டியையும்விடப் பெரிய செல்வம், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்களில் தீட்டப்பட்ட ஓவியங்கள். அந்தச் சுவர்மேல் யாராவது வார்னிஷ் அடிப்பார்களா? ஓவியம் இருந்தால் மதிப்பு, வெண்மையாக இருந்தால் மதிப்பில்லை என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை.

இனி, இந்தச் சுவர்களின் பளபளப்பு முட்டையால் வந்தது என்ற கதைக்கு வருகிறேன். வார்னிஷ் அடித்தது ஏன் என்று கேட்டபோது அந்த வீட்டில் கிடைத்த பதில்: "முட்டையில கட்டின சுவருங்க. இப்ப யாராலயும் அதைப் பூச முடியாது. அதனாலதான் வார்னிஷ்." சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லியே இது வேதவாக்காகிவிட்டது. லட்சம் முட்டை, பத்து லட்சம் முட்டை என்று ஊருக்கு ஊர் எண்ணிக்கைதான் மாறுகிறது. முட்டையின் வெண்கரு சேர்த்தது உண்மை. ஆனால் அது கடைசிப் பூச்சில், சிறிதளவு. அதற்குக் கீழே மணலும் சுண்ணாம்பும் கலந்த முரட்டுப் பூச்சு ஒன்று, அதன்மேல் சலித்த மணலோடு இன்னொன்று, அதற்கும் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பில் மேலும் நுண்ணிய பூச்சுகள் என்று படிப்படியாக ஏறியிருக்கும். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, துணியில் வடிகட்டி, வாரக்கணக்கில் நீருக்கடியில் ஊறவிட்டு, அம்மியில் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்த விழுதுதான் மேற்பூச்சு. கடுக்காய் நீரும் வெல்லமும் கலவையில் சேர்வதுண்டு. பூசிய பின் ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். அப்போது சுவர் வியர்க்கும். அந்த வியர்வையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி தேய்த்து, மறுநாளும் வியர்த்தால் மறுநாளும் ஒற்ற வேண்டும். நீங்கள் காணும் கண்ணாடிப் பளபளப்பு அந்தக் கல்லும் கையும் கொடுத்தது. முட்டை கொடுத்ததாக இருந்தால் அடுப்படியில் ஆம்லெட் ஊற்றிய இடமெல்லாம் மின்ன வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கதை வெறும் சுவாரசியமாக நின்றுவிடாமல் வீட்டைக் கெடுக்கிறது என்பதே. ரகசியம் அழிந்துவிட்டது என்று நம்புகிறவர், வேலை தெரிந்த கொத்தனார் பக்கத்து ஊரில் உயிரோடு இருக்கையில், அவரைத் தேடாமல் பெயின்ட் கடைக்குப் போகிறார். இன்னொரு வீட்டில், பொலிவு திரும்பும் என்று பச்சை வெண்கருவையே சுவரில் தடவி, எறும்பும் பூஞ்சையும் ஏறிய பிறகு என்னிடம் காட்டினார்கள். சிரிக்க முடியவில்லை.

சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு விட, அதாவது உள்ளே ஏறிய ஈரம் வெளியேற, வழி வேண்டும். வார்னிஷ், எனாமல், பிளாஸ்டிக் பெயின்ட், சிமெண்ட் பூச்சு ஆகிய எதுவும் அதன்மேல் வேண்டாம். உதிர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தால், அடுத்த மழையில் அந்த ஒட்டைச் சுற்றியுள்ள நல்ல பூச்சும் உப்புப் பூத்து உதிரும். சிமெண்ட்டின்மேல் எனக்குப் பகை எதுவுமில்லை. உங்கள் காலடியில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்ட்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, சூளை காணாமல் நீரில் பதப்படுத்தியதுதான். அதனால்தான் அதை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். ஆசிட் பட்டால் ஆத்தங்குடிக் கல்லும் அரிக்கும், பளிங்கும் அரிக்கும், சுவரின் அடிப்பூச்சும் அரிக்கும். பளிங்குத் தரையில் வைத்துக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதும் அதே தவறுதான், சற்று மெதுவான தவறு. ஒரு வீட்டில் விளக்கின் அடி அளவுக்கு வட்ட வட்டமாக மங்கிய தடங்களைப் பார்த்தேன். அந்த வீட்டு ஆச்சி, தம் மாமியார் காலத்தில் விளக்குகளைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய்த்தான் விளக்குவார்கள் என்றார்.

குளிர்சாதனம் வைப்பதற்காக வளவு முற்றத்தின் மேல் கூரை போட்டு மூடுவதை விட்டுவிடுங்கள். வெப்பமும் ஈரமும் மேலே போக அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். பெயர்ப்பலகைக்காகச் சுவரில் துளையிடாதீர்கள், பலகையைத் தாங்கியில் நிறுத்துங்கள். பெல்ஜியக் கண்ணாடியின்மேல் துப்புரவு நீர்மத்தைப் பீய்ச்சினால் அது விளிம்பு வழியே உள்ளே இறங்கிப் பின்பூச்சைக் கறுக்க வைக்கும். உலர்ந்த துணி போதும். ரவிவர்மா அச்சுப்படங்களை வெயில் விழும் சுவரிலிருந்து இன்றே இறக்குங்கள். சுவரை விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை வரும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள், கொத்தி எடுக்காதீர்கள், அதன் பின்னால் சுண்ணாம்புக் குழம்பு செலுத்திப் பிடிக்க வைக்க முடியும்.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டன என்று பெருமையாகச் சொல்லும் உரிமையாளர்கள், ஆசிட் புட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நன்றாயிருக்கும்.

வார்னிஷ் அடித்த அந்த வீட்டில், பஞ்சைக் கரைப்பானில் நனைத்து ஒற்றி ஒற்றி, கிழக்குச் சுவரில் இரண்டடி அகலத்துக்கு மட்டும் படலத்தை எடுத்திருக்கிறோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் முடியும் என்று பெயின்டர் யோசனை சொன்னார். பூச்சும் சேர்ந்து முடிந்திருக்கும். மீதிச் சுவர், தை பிறந்து ஈரம் வற்றிய பிறகுதான். திறப்பு விழா அழைப்பிதழில் தேதியை இப்போதைக்கு வெற்றிடமாக விடச் சொல்லியிருக்கிறேன்.