நோட்டில் சில கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்

சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, மாத்திரை போட்டதையும் பிரஷர் அளவையும் தினமும் குறிக்கிற நோட்டைத்தான். சிலர் நீட்டும் நோட்டில் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா நாளும் 120/80. முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். டாக்டர் திட்டுவாரோ என்ற பயம்தான், புரிகிறது.

ஆனால் காலிக் கட்டத்தில்தான் எனக்கு வேண்டிய விஷயமே இருக்கிறது. மாத்திரை போடாத நாள்களை மறைத்துவிட்டால், இங்கே பார்க்கும்போது பிரஷர் ஏறியிருப்பதை வைத்து மருந்து போதவில்லை என்று நினைப்பேன், டோஸைக் கூட்டுவேன். விட்டது தெரிந்தால் பேச்சே வேறு. வெளியூர்க் கல்யாணமா, மாத்திரை தீர்ந்துபோனதா, போட்டால் தலை சுற்றுகிறதா, மாதக் கடைசியில் கையில் காசில்லையா? ஒவ்வொன்றுக்கும் வழி தனி. அதனால் விட்ட நாளை அப்படியே விடுங்கள், ஓரத்தில் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள். விட்டதற்கும் சேர்த்து மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

குறிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பால் வராத நாளையும் கேஸ் புக் செய்த தேதியையும் குறிக்கிற மாதக் காலண்டர் போதும். பக்கத்திலேயே நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடும் நேரத்தில்தான் பல பேர் மறக்கிறார்கள். செல்போன் செயலி பழக்கமானவர்களுக்கு அதுவும் சரிதான். ஒன்றிரண்டு விஷயத்துக்கு மேல் குறிக்க ஆரம்பித்தால் எதுவுமே நிற்காது. அப்புறம், எடை எவ்வளவு குறைந்தது என்று தினமும் பார்க்காமல், நடந்தீர்களா என்பதைக் குறியுங்கள். எடை உப்பாலும் தண்ணீராலும்கூட நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நடப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வீட்டில் பிரஷர் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலையில் மாத்திரைக்கு முன்னால் பாருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டி சுற்றிய கை மேஜைமேல், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். 137 என்று காட்டினால் 137 என்றே எழுதுங்கள். 140, 130 என்று ரவுண்டாக்காதீர்கள். வீட்டு அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்றே கொள்கிறோம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நம்பி, 22ஆம் நாளும் சிரமப்படுவதைப் பார்த்துச் சோர்ந்து போகிறவர்கள் நிறைய. அந்த எண், 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாளாகிறது என்று எழுதியதிலிருந்து பரவியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வர ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. நடுவளவு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பின்னடைவு வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

அடுத்த முறை வரும்போது அந்தக் காலண்டர் தாளையும், மிச்சமுள்ள மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.