ஷாக் மாற்றுவதற்கு முன்னால் பின்சீட்டைப் பாருங்கள்

போன வாரம் களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி மொபெட்டில் வந்து இறங்கினார். "தம்பி, கல்லு மாதிரி ஷாக்கு ஒண்ணு போட்டு விடு. பின்னாடி கட்டு கட்டுன்னு அடிக்கு" என்றார். கேரியரில் கயிறு உராய்ந்த தடம், பக்கமெல்லாம் வாழைக்கறை. தினமும் ஏத்தன் வாழைத்தார் ஏற்றி வருகிறார். ஷாக் அப்சார்பரின் தண்டைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெய் கசிந்து அதில் புழுதி அப்பியிருந்தது. ஆள் ஏறாமலே வண்டி பாதி அமுங்கி நின்றது.

'கல்லு மாதிரி' என்பதுதான் என் பட்டறையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை. தார் ஏற்றுகிறவரும் கேட்கிறார், கல்லூரிப் பையனும் கேட்கிறான். இரண்டு பேருக்கும் அது பொருந்தாது.

ஷாக் இருப்பது இடுப்பு வலிக்காமல் இருக்க மட்டுமில்லை. டயரைத் தரையோடு ஒட்ட வைப்பதுதான் அதன் முதல் வேலை. பள்ளத்தில் விழுந்த சக்கரம் கல் போன்ற ஷாக்கால் துள்ளி எழும்பினால், அந்த நொடியில் பிரேக் பிடித்துப் பயனில்லை. டயர் தரையில் இருந்தால்தானே பிரேக் பிடிக்கும்? ஸ்பிரிங் தளர்ந்து பின்பக்கம் உட்கார்ந்துவிட்டாலும் ஆபத்துதான். முன்சக்கரம் லேசாகிவிடும். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு தாண்டிப் போகும்போது ஹேண்டில் அலைவதற்குக் காற்றை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

பல பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக நாட்ச் இருக்கிறதே, அதைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு சென்டிமீட்டர் அமுங்க 20 கிலோ கேட்கும் சாதாரண ஸ்பிரிங், கடைசி நாட்ச்சிலும் அடுத்த சென்டிமீட்டருக்கு அதே 20 கிலோதான் கேட்கும். மாறுவது வண்டி நிற்கும் உயரம். சுமை ஏறியபின் அமுங்குவதற்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் ஒரு வாத்தியார், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தினமும் போகிறவர், புது ஷாக் விலை கேட்டு வந்தார். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்தேன். ஸ்டாண்டை எடுத்து மூன்று பேரையும் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தேன். 52 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த ஓட்டமே 100 மில்லிமீட்டர் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது நல்லது, பாதிக்கு மேல் போனால் ஸ்பீட் பிரேக்கரில் அடி இடிக்கும். வாங்கிய நாளிலிருந்து முதல் நாட்ச்சிலேயே ஓடிய வண்டி அது. இரண்டு பக்கமும் நாலாவதுக்கு மாற்றினேன். 38 ஆனது. புது ஷாக் தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நாட்ச்சில் இருக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

சரி, அப்போது யாருக்குத்தான் ஷாக் மாற்ற வேண்டும்? ஹேண்டிலைப் பிடித்து முன்பிரேக்கை அழுத்தி வண்டியை ஒருமுறை அமுக்கி விடுங்கள். ஒரே தடவையில் எழுந்து நின்றால் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் என்றால் எண்ணெயும், அதை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் சீலும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கெட்டியாக இருக்கட்டும் என்று அளவுக்கு மீறித் தடித்த எண்ணெய் ஊற்றச் சொல்லாதீர்கள். வரிசையாகக் குழி வரும் ரோட்டில் ஃபோர்க் திரும்பி நீள நேரம் கிடைக்காமல் அமுங்கியபடியே போகும்.

ஃபோர்க் சீல் கசிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் மாவு போல இருக்கும். அது சீலின் உதட்டில் உட்கார்ந்து அறுக்கும், கசியும் எண்ணெய் வழிந்து டிஸ்க்கில் இறங்கும். அப்படி ஒரு வண்டியை நானே ஓட்டிப் பார்த்து, நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பால இறக்கத்தில் முன்பிரேக் பிடிக்காமல் பஸ்ஸுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். எண்ணெய் ஊறிய பிரேக் பேடைத் துடைத்துப் போடாமல் புதிதாகவே போடுங்கள்.

இளைஞர்களுக்கு ஒன்று. எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டியில் முன்சக்கர ஓட்டம் 190 மில்லிமீட்டர். வயல்வரப்பும் மலையடிவாரமும் சுற்றுகிறவனுக்கு அது வரம். கோவில்பட்டிக்கு நாலுவழிச்சாலையில் மட்டும் போய்வருகிறவனுக்கு, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதுதான் மிச்சம். அழகுக்காகப் பின்பக்கத்தை இறக்கித் தரச் சொன்னால் நான் செய்வதில்லை.

அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் கம்பெனி ஷாக்கே புதிதாகப் போட்டேன். கல் மாதிரி இல்லையே என்று முகம் வாடினார். "ஞாயித்துக்கிழமை தார் கட்டி வாங்க அண்ணாச்சி" என்றேன். வந்தார், நாலு தார் ஏற்றியிருந்தார். இரண்டைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு டேப்பை எடுத்தேன்.