ஒமெர்த்தா: சொல்லும் பொருளும்

ஒமெர்த்தா இத்தாலியச் சொல். சிசிலித் தீவின் பேச்சுவழக்கில் 'உமிர்த்தா'. அழுத்தம் கடைசி அசையில் விழும். தமிழில் 'ஒமெர்தா' என்று எழுதினால் ஒலி மெலிந்துவிடும். ஒற்றோடு எழுதுவதே சரி.

செய்திகளில் இதை 'மாஃபியாவின் மௌன விதி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிப் பொருள்தான். குற்றத்தைக் கண்டவர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. செய்யாத குற்றத்துக்குச் சிறை போனாலும் செய்தவன் பெயர் வாயிலிருந்து வரக் கூடாது. கணக்குத் தீர்க்க வேண்டுமா, தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். அரசை அண்டாதே என்பதுதான் கட்டளை. வாய் திறக்காதிருப்பது அதிலிருந்து வருவது.

வேர் குறித்து இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, பணிவு என்ற பொருள் தரும் 'உமில்த்தா' என்ற சொல், லத்தீன் 'ஹுமிலித்தாஸ்' வழி வந்தது, சிசிலி நாவில் 'ல்' 'ர்' ஆகத் திரிந்தது என்பது. மற்றொன்று, சிசிலி மொழியில் மனிதன், ஆண்மகன் என்று பொருள்படும் 'ஒமு' என்பதிலிருந்து பிறந்தது என்பது. சிசிலியின் தலைநகர் பலெர்மோவின் மருத்துவரும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளருமான ஜூசெப்பே பித்ரே இந்த இரண்டாம் கருத்தைப் பரப்பினார். அவர் கணக்கில் ஒமெர்த்தா என்பது ஆண்மை, தன்மானம். இந்த விளக்கம் மாஃபியாவுக்கு மிக வசதியாகப் போயிற்று. அச்சத்தால் வாயடைத்துக் கிடப்பதை மானம் என்று சொல்லிக்கொள்ள முடிந்ததே! ஒலித்திரிபை வைத்துப் பார்த்தால் முதல் கருத்துக்கே வலு அதிகம். தலைவனுக்குப் பணிந்து நட என்பதுதான் உள்ளே கிடக்கும் பொருள்.

இத்தாலியச் சட்டம் இந்தச் சொல்லை மானக் கணக்கில் வைக்கவில்லை. 1982 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே, செப்டம்பரில் பலெர்மோவின் ஆட்சியர் தல்லா கியேசா என அடுத்தடுத்து இரு கொலைகள் நடந்தன. அதையடுத்து அதே செப்டம்பரில் தண்டனைச் சட்டத்தில் 416-பிஸ் என்ற பிரிவு சேர்ந்தது. மாஃபியா வகைக் கும்பல் எது என்பதற்கு அது தரும் இலக்கணம் இது: கும்பல் என்ற கட்டின் மிரட்டும் வலிமையையும், அதனால் விளையும் அடிமைப்பட்ட நிலையையும் ஒமெர்த்தாவையும் பயன்படுத்திக் காரியம் சாதிப்பவர்கள். 'விளையும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒமெர்த்தா அந்த மக்களின் பிறவிக் குணமல்ல. மிரட்டலால் அவர்களுக்குள் உண்டாக்கிய நிலை.

எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதைக் கடைவீதியில் பார்க்கலாம். கடைக்காரரிடம் வாங்கும் மாமூலுக்குப் 'பிட்சோ' என்று பெயர். பறவையின் அலகு என்பது மூலப்பொருள், 'அலகை நனைத்துக்கொள்ள விடு' என்பது வழக்கு. காலையில் கடையைத் திறக்க வந்தால் பூட்டுத் துளைக்குள் பசை ஊற்றி இறுகியிருக்கும். மிரட்டல் கடிதம் கிடையாது, ஆளும் வரமாட்டான். அந்தப் பசையே செய்தி. கடைக்காரர் பூட்டை உடைத்து மாற்றிவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிப்பார். பக்கத்துக் கடைக்காரரும் கட்டுகிறார், ஆனால் இருவரும் அதைப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும் தனியாக எதிர்த்தால் என்னாகும் என்றே கணக்குப் போடுகிறார்கள். ஆடைத் தொழிற்சாலை நடத்திய லீபெரோ கிராஸ்ஸி அந்தக் கணக்கை மீறினார். 1991 ஜனவரியில் தன்னிடம் பணம் கேட்டவனுக்குப் பலெர்மோ நாளிதழில் வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். சக தொழிலதிபர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஒதுக்கல்தான் சுட்டவனின் வேலையை எளிதாக்கியது. 2004-ல் இளைஞர்கள் தொடங்கிய 'அத்தியோபிட்சோ' இயக்கம் இந்த இடத்தைத்தான் குறிபார்த்தது. பிட்சோ கட்டாத கடைகளின் பெயரைப் பட்டியலிட்டு, வாடிக்கையாளர்களை அங்கே திருப்பிவிட்டது. ஒருவர் தனியாக நின்றால் இலக்கு. நூறு பேர் பெயர் போட்டு நின்றால் அது சந்தை.

வீட்டுக்குள் இதன் சேதம் இன்னும் ஆழம். பதினேழு வயது ரீத்தா ஆத்ரியா, தகப்பனையும் அண்ணனையும் மாஃபியாக் கொலைகளில் இழந்தவர். 1991-ல் அரசு வழக்குரைஞர் பாவோலோ போர்செல்லினோவிடம் போய்த் தெரிந்ததையெல்லாம் சொன்னார். பெற்ற தாயே தலைமுழுகினார். 1992 ஜூலை 19-ல் போர்செல்லினோ குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் ரீத்தா ரோமில் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் தாய் கல்லறைக்குப் போய் மகளின் கல்லைச் சுத்தியலால் உடைத்தார். கட்டளையிட்டவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை. வெளியிலிருந்து மிரட்டுவதும் உண்டு: வாக்குமூலம் கொடுத்த முன்னாள் மாஃபியா ஆள் சாந்தீனோ தி மத்தேயோவின் பன்னிரண்டு வயது மகனை 1993 நவம்பரில் கடத்தி, 779 நாள் அடைத்துவைத்துக் கொன்றார்கள்.

தென் இத்தாலியில் உள்ள கலாப்ரியாவின் ந்த்ராங்கெத்தா என்ற மாஃபியா வகைக் கும்பலில் காட்டிக்கொடுப்பவர்கள் சிசிலியைவிடக் குறைவு. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கிளையும் ஒரு ரத்தக் குடும்பம். வாய் திறந்தால் அப்பனும் தம்பியும் மைத்துனனும்தான் உள்ளே போவார்கள். அதனால்தான் ரெஜ்ஜோ கலாப்ரியாவின் சிறார் நீதிமன்றத்தில் நீதிபதி ரொபெர்த்தோ தி பெல்லா 2012 முதல் வேறு வழி பிடித்தார். ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து வெளியூரில் வளர்க்க உத்தரவிட்டார். முதலில் எதிர்த்த தாய்மார்களில் சிலர் பிறகு தாங்களே வந்து, பிள்ளையைக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள்.

இனி, ஒமெர்த்தாவுக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்ப்போம். 'மௌனம்' பொருந்தாது. அது முனிவர் நிலை, தானாக ஏற்கும் நோன்பு. 'வாய்வாளாமை' அழகான பழஞ்சொல்; ஆனால் மணிமேகலை அதைக் கேள்விக்கு விடையளிக்கும் நான்கு முறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. விடை சொல்லாமலிருப்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது அது. 'வாய்ப்பூட்டு' கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் வாய்ப்பூட்டுச் சட்டம் என்று பழகிய காதுக்கு அது மேலிருந்து அரசு போடும் தடை. ஒமெர்த்தாவில் பூட்டுகிறவர்களில் பக்கத்து வீட்டாரும் பெற்றவர்களும் உண்டு. 'வாய்க்கட்டு' என்றால் பத்தியமோ மந்திரமோ நினைவுக்கு வரும்.

எங்கள் பரிந்துரை 'பேசாக்கட்டு'. ஊர்க்கட்டு, சாதிக்கட்டு என்ற வழக்கில் உள்ள அதே 'கட்டு': விதியும் அதுவே, தளையும் அதுவே. மீறினால் ஒதுக்குவார்கள் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

காவல்துறை, திருச்சபை, சைக்கிள் பந்தய அணிகள் என்று பிற இடங்களுக்கும் ஒமெர்த்தாவை இப்போது நீட்டிச் சொல்கிறார்கள். மீறியவரை உள்ளிருப்பவர்களே தண்டிக்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள். அது இல்லாவிட்டால் வெறுமனே 'மூடிமறைப்பு' போதும்.

'பெந்தித்தோ' என்ற சொல்லுக்கு அப்ரூவர் சரி. கும்பலில் இருந்து குற்றம் செய்து, பிறகு அரசுத் தரப்புக்கு வந்தவர். குற்றத்தில் பங்கில்லாமல் கண்டதைச் சொல்பவரை இத்தாலியச் சட்டம் 2001 முதல் 'நீதிச் சாட்சி' என்று தனியே வைக்கிறது. பணம் கேட்டு வந்தவனை அடையாளம் காட்டும் கடைக்காரரை அப்ரூவர் என்று எழுதிவிடாதீர்கள்.