ரவுண்டானா: சொல்லுக்குள் ஒரு காவல் நிலையம்

சென்னை அண்ணா நகரில் 'ரவுண்டானா' என்பது பஸ் நிறுத்தத்தின் பெயர். கண்டக்டர் குரல் கொடுப்பார், கூட்டம் இறங்கும். நாலைந்து சாலைகள் கூடும் இடத்தில் நடுவே வட்டமாகத் திட்டு கட்டி, அதைச் சுற்றி வண்டிகளை விட்டால் அந்த இடம் ரவுண்டானா. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் 'ரவுண்டு' புரிகிறது, பின்னால் ஒட்டியிருக்கும் 'ஆனா' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. இந்தியிலும் இல்லை, அங்கே அதைக் கோல் சக்கர் என்கிறார்கள். பெங்களூருக்குப் போனால் சர்க்கிள். திருச்சூரில் வடக்குநாதர் கோயிலையும் தேக்கின்காடு மைதானத்தையும் சுற்றி ஓடும் சாலைக்கு ஸ்வராஜ் ரவுண்ட் என்று பெயர். ரவுண்டானா மட்டும் நம்முடையது.

சென்னையின் பழைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் விளக்கம் இது. மவுண்ட் ரோடும் வாலாஜா சாலையும் கூடும் இடத்துக்கு, அதாவது இன்று அண்ணா சிலை நிற்கும் இடத்துக்கு, ஒரு காலத்தில் 'ரவுண்ட் டாணா' என்று பெயர். டாணா என்றால் காவல் நிலையம். வட்ட வடிவில் அங்கே ஒரு டாணா இருந்ததால் அந்தப் பெயர். கட்டடம் போன பிறகும் பெயர் போகவில்லை. சாலை வட்டமாக வளையும் இடத்துக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர் ஆயிற்று.

'டாணா' இன்று வழக்கொழிந்த சொல்போலத் தோன்றும். ஆனால் தென்மாவட்டங்களில் வயதானவர்கள் போலீஸ்காரரை 'டாணாக்காரர்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தியில் காவல் நிலையத்துக்குத் 'தானா' என்றுதான் பெயர். அதன் வேர் வடமொழி 'ஸ்தான'. நாம் சமஸ்தானம் என்கிறோமே, அதில் இருப்பதும் அதே ஸ்தானம்தான். மும்பைக்கு அருகே உள்ள தாணே நகரின் பெயரும் இந்த வேரில் பிறந்ததுதான். ஆக, ரவுண்டானா என்ற சொல் பாதி ஆங்கிலம், பாதி வடமொழி வழி வந்த இந்தி, ஒட்டுப்போட்டது சென்னைத் தமிழ்.

'டாணா'வை வைத்துப் பார்த்தால் 'ரவுண்டாணா' என்று மூன்று சுழி போட்டு எழுதுவதுதான் சரி. ஆனால் ஊர் முழுக்க இரண்டு சுழியில் எழுதிப் பழகிவிட்டது. அதைத் திருத்தப் போவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

இந்தப் பெயர்க்கதையைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. சொல்லுக்குள் போலீஸ் இருக்கிறார், ஆனால் அந்தச் சொல் இன்று குறிக்கும் அமைப்பு போலீஸ் இல்லாமல் இயங்குவதற்காக உருவானது. நம் ஊர்களில் ரவுண்டானா ஏன் நெரிகிறது என்பதற்கான விடை இந்த முரணில்தான் இருக்கிறது.

சரி, பொருளுக்கு வருவோம். நடுவில் தடையாக ஒரு திட்டை வைத்து வண்டிகளை ஒரே திசையில் சுற்ற விடும் யோசனை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிளில் 1905-ல் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாரிஸில் எத்துவால் சதுக்கத்தில் 1907-ல் ஒருவழிச் சுற்று வந்தது. யூஜீன் எனார் என்ற கட்டடக் கலைஞரின் யோசனை அது. பிரிட்டனில் இதற்கு முதலில் இருந்த பெயர் 'ஜைரேட்டரி சர்க்கஸ்'. இந்த சர்க்கஸுக்கும் கூடாரத்துக்கும் தொடர்பு இல்லை. லத்தீனில் சர்க்கஸ் என்றால் வட்டம். கொழும்பில் லிப்டன் சர்க்கஸ் என்று இருந்ததை இலங்கைத் தமிழ்ச் செய்திகள் 'லிப்டன் சுற்றுவட்டம்' என்று எழுதுகின்றன. சுற்றுவட்டம் என்ற சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பிரிட்டனில் அந்தக் கனமான பெயர் நிலைக்கவில்லை. திருவிழாவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்துக்கு அங்கே வழங்கிவந்த 'ரவுண்டபௌட்' என்ற எளிய சொல்லே நின்றது.

வட்டம் கட்டியாயிற்று, ஆனால் பல காலம் அது சரியாக ஓடவில்லை. காரணம் ஒரு விதி. பழைய வட்டங்களில் புதிதாக நுழையும் வண்டிக்கு முன்னுரிமை இருந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர் நின்று, வெளியிலிருந்து வருபவரை உள்ளே விட வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும்போது இது தெரியாது. கூடியதும் உள்ளே வருபவர் வந்துகொண்டே இருப்பார், வெளியேற வேண்டியவர் வெளியேற முடியாமல் நிற்பார், வட்டம் பூட்டிக்கொள்ளும். ஒரு வாயில் மட்டும் வைத்த கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டு வருபவர்களும் சாப்பிடப் போகிறவர்களும் முட்டிக்கொள்வதைப் போல. இப்படிப் பூட்டிக்கொண்டதாலும், பெரிய வட்டங்களில் வண்டிகள் வேகமாகப் பின்னிப் பின்னி ஓடி மோதியதாலும், அமெரிக்காவில் 1950-களில் இந்த அமைப்பே மதிப்பிழந்தது.

திருப்பம் பிரிட்டனில் வந்தது. அங்கே சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஃபிராங்க் பிளாக்மோர் போன்றவர்கள் விதியை மாற்றிப்போட்டுச் சோதித்தார்கள். உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை, நுழைபவர் விளிம்பில் காத்திருந்து இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். 1966 நவம்பரில் இது நாடு முழுவதற்கும் விதியானது. அதன்பின் வட்டம் பூட்டிக்கொள்வது நின்றது. அதோடு, பெரிய வட்டம் தேவையும் இல்லாமல் போயிற்று. சின்னச் சின்ன வட்டங்களே போதுமானதாக இருந்தன. ஸ்விண்டன் என்ற ஊரில் 1972-ல் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி ஐந்து குட்டி வட்டங்களை வைத்துக் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறியாளர்கள் பழைய பெரிய வட்டத்தை 'ரோட்டரி' என்றும் இந்தப் புதிய வகையை 'நவீன ரவுண்டபௌட்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நம் பேச்சில் இரண்டுக்கும் ரவுண்டானா என்ற ஒரே சொல்தான்.

இந்தியச் சட்டம் இதில் பின்தங்கி இல்லை. போலீஸோ சிக்னலோ ஒழுங்குபடுத்தாத சந்திப்பில், பிரதான சாலையில் போகிற வண்டிக்கும், மற்ற இடங்களில் வலக்கைப் பக்கமிருந்து வருகிற வண்டிக்கும் வழிவிட வேண்டும் என்பது 1989-ல் வந்த சாலை விதிகளிலேயே இருந்தது. நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். எனவே வட்டத்தில் நுழையும்போது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் நம் வலப்பக்கமாகத்தான் வருவார். 2017-ல் வந்த புதிய விதிமுறைகள் வட்டத்துக்குள் இருப்பவருக்கு முன்னுரிமை என்று நேராகவே சொல்கின்றன. நாம் சுற்றும் திசையும் புதியதல்ல. நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதைத்தான் கோயிலில் வலம் வருவது என்கிறோம். ரவுண்டானாவில் நாம் செய்வதும் அதேதான்.

நெரிசலான ஒரு நாற்சந்தியை மாற்றி அமைக்கும்போது ஏன் வட்டத்தை யோசிக்கிறார்கள்? நான்கு சாலைகள் நேராக வெட்டிக்கொள்ளும் சந்தியில் வண்டியும் வண்டியும் முட்ட வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அவற்றில் 16 குறுக்கே வெட்டும் புள்ளிகள். உயிரைக் குடிக்கும் பக்கவாட்டு மோதல் நடப்பது அங்கேதான். ஒற்றைத் தட வட்டத்தில் மொத்தப் புள்ளிகள் 8 மட்டுமே. குறுக்கு வெட்டு ஒன்றுகூட இல்லை, சேர்வதும் பிரிவதும்தான். மோதினாலும் உரசலோடு போகும், நேருக்கு நேர் இருக்காது. அமெரிக்காவில் சிக்னலும் நிறுத்தப் பலகையும் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட சந்திகளை வட்டமாக மாற்றிய பிறகு நடந்த ஆய்வில், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது தெரியவந்தது. இண்டியானா மாநிலத்தில் கார்மெல் என்ற சிறு நகரம் தன் சிக்னல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு 150-க்கு மேற்பட்ட வட்டங்களைக் கட்டியிருக்கிறது.

ஆனால் நடுவில் வட்டமாகச் சுவர் எழுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நம் ஊர்களில் நடக்கும் தவறு. வேலையைச் செய்வது திட்டு அல்ல, நுழைவாயில். சாலை வட்டத்தைத் தொடும் இடத்தில் வண்டியை இடப்பக்கமாக வளைத்து விட வேண்டும். அந்த வளைவே வேகத்தைக் குறைக்கும், வேகத்தடை தேவைப்படாது. வருகிற தடத்தையும் போகிற தடத்தையும் பிரிக்க முக்கோண வடிவில் ஒரு சின்னத் திட்டு வேண்டும். நடந்து கடப்பவர் பாதி தூரம் வந்து அங்கே நின்று, மறுபக்கம் பார்த்துக் கடக்கலாம். வரிக்குதிரைக் கோடு வட்டத்தின் விளிம்பை ஒட்டி இருக்கக் கூடாது. ஒரு கார் நீளம் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் கோட்டில் நிற்பவரைப் பார்ப்பது ஒரு வேலை, வட்டத்தில் இடைவெளி பார்ப்பது இன்னொரு வேலை என்று ஓட்டுநருக்குப் பிரிந்து கிடைக்கும். பஸ்ஸும் லாரியும் திரும்ப, நடுத்திட்டைச் சுற்றி லேசாக உயர்ந்த ஒரு விளிம்பு விடுவார்கள். கார் அதில் ஏறாது, லாரியின் பின்சக்கரம் ஏறித் திரும்பும்.

நம் ரவுண்டானாவின் நடுவில் பெரும்பாலும் ஒரு தலைவர் சிலை இருக்கும். கத்திப்பாராவில் நேரு இருந்ததைப் போல. சிலைமீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் மாலை போட மக்கள் நடுத்திட்டுக்கு நடந்து போகும்படி வைப்பது ஆபத்து. நடுத்திட்டு யாரும் போகாத இடமாக இருக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் அடிப்படை.

எல்லா இடத்துக்கும் வட்டம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாச் சாலைகளிலிருந்தும் மணிக்கு மொத்தம் சுமார் 3,000 வண்டிகள் வரை நுழைந்தால்தான் வட்டம் தாங்கும் என்று இந்தியச் சாலைப் பேரவையின் 1976 வழிகாட்டி சொல்லியது. அதற்கு மேல் போனால் சிக்னலோ மேம்பாலமோதான். ஜெமினியில் 1973-ல் சென்னையின் முதல் மேம்பாலம் வந்ததும், கத்திப்பாராவின் ரவுண்டானா 2008-ல் நாலிதழ் மேம்பாலமாக மாறியதும் அப்படித்தான். சைக்கிளில் போகிறவருக்கு வட்டம் அவ்வளவு பாதுகாப்பும் அல்ல, முக்கியமாக இரண்டு மூன்று தடம் உள்ள வட்டம். நெதர்லாந்தில் வட்டத்தைச் சுற்றித் தனி சைக்கிள் பாதை போடுகிறார்கள். இருசக்கர வண்டிகள் நிறைந்த நம் சாலைகளுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். இருந்தும், நடுத்தரக் கூட்டமுள்ள ஊர்ச் சந்திகளுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்றே நம்புகிறேன். கோவையில் லாலி ரோடு சந்திப்பில் சிக்னலுக்குப் பதில் ரவுண்டானா வைத்தது இந்தத் திசையில் ஒரு நல்ல முயற்சி.

இனி தமிழ்ச் சொல். சாலை கூடும் இடத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை. முச்சந்தி, நாற்சந்தி இரண்டும் இன்றும் வாயில் புழங்குகின்றன. திருஷ்டி கழித்து முச்சந்தியில் போடுகிறோம், மானம் போனால் சந்தி சிரிக்கிறது என்கிறோம். சதுக்கம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது, புகாரின் பூத சதுக்கமாக. இவற்றைவிட எனக்குப் பிடித்தது 'கவலை'. வழிகள் கவர்த்துப் பிரியும் இடம் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. கோவலனுக்கு மதுரை வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், கொடும்பை நெடுங்குளத்தருகே பாதை சிவனின் சூலம்போல் மூன்றாகக் கவர்க்கும் என்கிறான். அந்தக் 'கவர்'தான் இது. மலையாளத்தில் இன்றும் சந்திப்புக்குக் 'கவல' என்றே பெயர். நாம் சாலையை விட்டுவிட்டு மனத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம்.

வட்டமான சந்திக்கு என்ன சொல்வது? வெறும் 'வட்டம்' என்றால் தமிழ்நாட்டில் தாலுகா நினைவுக்கு வரும். 'சுற்றுவட்டம்' இலங்கையில் இயல்பாக நிற்கும் சொல். இங்கே 'சுற்றுவட்டக் கிராமங்கள்' என்று வேறு பொருளில் பழகிவிட்டது. 'சுற்றுச்சந்தி' என்றால் ஊருக்கு வெளியே போகும் சுற்றுச்சாலையோடு குழம்பும். 'வட்டச்சந்தி'யில் வடிவமும் இருக்கிறது, சாலைகள் கூடுவதும் இருக்கிறது. திட்ட அறிக்கையிலும் பாடநூலிலும் அதை எழுதலாம். இலங்கைத் தமிழர் சுற்றுவட்டத்தை விட வேண்டியதில்லை. பேச்சில் ரவுண்டானா இருக்கட்டும். நூறாண்டு நடமாடிய சொல், ஒரு நகரத்தின் வரலாறு அதில் இருக்கிறது.

நமக்கு உண்மையில் குறைபடும் சொல் வேறொன்று. மாலை 6 மணிக்கு எந்த ரவுண்டானாவிலும் போய் நின்று பாருங்கள். நான்கு பக்கமும் ஹாரன், நடுவில் வியர்க்க வியர்க்க ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டிருப்பார். ரவுண்ட் டாணா என்ற பெயருக்கு அவர் இன்னும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். முன்னுரிமை யாருக்கு என்பதைச் சாலை சொல்லாததால் அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. நுழைவாயிலில் தரையில் விட்டுவிட்டுப் போட்ட ஒரு கோடும், தலைகீழ் முக்கோணப் பலகையும் செய்ய வேண்டிய வேலை அது. அந்தக் கோட்டை 'வழிவிடு கோடு' என்று அழைக்கலாம். புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் நாம் எல்லோரும் சொல்லும் சொல்தான். பலகையிலும் ஓட்டுநர் பள்ளியிலும் ஒரே வாசகம் போதும்: 'வட்டத்தில் வருபவருக்கு வழிவிடு.'