ஊர்ந்து வரும் காரம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 கமராவை அலுமாரியிலிருந்து எடுத்து, அடியிலுள்ள பற்றரி மூடியை நாணயத்தால் திருகித் திறந்திருக்கிறார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்ததாம். யாரோ சொன்னபடி அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்தார், போய்விட்டது. மூன்று வாரத்தில் அதே இடத்தில் திரும்பவும் பூத்திருக்கிறது. ஏன் என்று கேட்கிறார்.

அப்பச்சோடா காரின் பற்றரிக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே இருப்பது சல்பூரிக் அமிலம். இந்தக் கமராவில் கிடந்ததோ எல்ஆர்44 என்ற பொத்தான் வடிவக் கார மின்கலம். உள்ளிருக்கும் மின்பகுபொருள் பெரும்பாலும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அது வெளியே வந்ததும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து பொற்றாசியம் காபனேற்றாகிவிடும். வாசகி கண்ட வெள்ளைப் பூவில் பெரும்பங்கு அதுதான். அப்பச்சோடா மிச்சமிருந்த காரத்தையும் காபனேற்றாக்கியிருக்கும். காபனேற்றும் காரத்தன்மை உள்ளதுதான், அதனால் முழுதாக நடுநிலையாகியிராது.

மின்கலம் கசிவதற்குப் பாடப்புத்தகக் காரணம் ஐதரசன். மின்கலத்தினுள் இருக்கும் நாகத்தூள் (துத்தநாகம்) காரத்தில் மெல்ல மெல்லக் கரைந்து வாயுவை விடும், அழுத்தம் கூடும், அடைப்பு இளகும். முன்பு இதைத் தடுக்க நாகத்துடன் இரசம் (பாதரசம்) சேர்த்தார்கள். இரசம் நஞ்சு என்பதால் அதைக் கைவிட்டது சரியான முடிவு. ஆனால் வாயு சேராத, வீங்காத மின்கலத்திலும் காரம் வெளியே வருகிறது, அதுவும் மறைமுனையின் (− முனையின்) ஓரமாகவே வருகிறது. என்னை மயக்குவது இந்த இரண்டாவது வழிதான்.

எல்ஆர்44இன் குறுக்களவு 11.6 மில்லிமீற்றர். அகன்ற கிண்ணம் நேர்முனை, அதன்மேல் கவிழ்ந்திருக்கும் சிறு தொப்பி மறைமுனை. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையத்துக்கும் தொப்பிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காரப்படலம் நுழைந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். தொப்பியின் உட்புறத்தில் நாகம் இருப்பதால் உலோகம் முழுவதும் இலத்திரன்கள் நிறைந்து நிற்கின்றன. படலத்தின் ஓரம் மிக மெல்லியது. காற்றிலுள்ள ஒட்சிசன் அதனூடாக எளிதில் உலோகத்தைத் தொட்டுவிடும். தொட்டதும் இலத்திரன்களை வாங்கிக்கொண்டு, நீருடன் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயனாகிறது. அதன் மறையேற்றத்தை ஈடுசெய்ய உள்ளேயிருந்து பொற்றாசியம் அயன்கள் படலத்தின் வழியே ஓரத்துக்கு ஓடிவருகின்றன. ஆக, ஓரத்தில் புதிதாகப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு பிறந்துவிட்டது, முன்னதைவிடச் செறிவாக. செறிந்த காரம் காற்றிலிருந்து நீரை இழுக்கும். படலம் ஒரு மயிரிழை முன்னேறும். புதிய ஓரத்தில் மறுபடியும் ஒட்சிசன், மறுபடியும் இலத்திரன். மின்கலம் தன் மின்சாரத்தைச் செலவழித்துத் தன் காரத்தைத் தானே வெளியே இழுத்து வருகிறது! நேர்முனையில் இது நடக்காது, அந்த உலோகம் ஒட்சிசனுக்கு இலத்திரன் கொடுக்கும் நிலையில் இல்லை. தொப்பியைத் தொட்டிருக்கும் தகடும், அதில் பற்றவைத்த கம்பியும் அதே மறைமுனையின் நீட்சிகள் என்பதால் படலம் அங்கேயும் ஏறிப்போகும். பழைய கமராக்களில் கம்பியின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துக் கிடப்பது இதனால்தான்.

அடுத்தது கொழும்பின் காற்று. ஈரப்பதன் ஏறத்தாழ 43 சதவீதத்தைத் தாண்டினால் பொற்றாசியம் காபனேற்று நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். இங்கே பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70க்கு மேல். இப்படிக் கசிந்த மின்கலமொன்றிலிருந்து சுரண்டிய தூளை ஒருநாள் இரவு கண்ணாடித் துண்டில் வைத்து, கடற்பக்க யன்னலோரம் விட்டேன். காலையில் தூளின் ஓரங்கள் நெகிழ்ந்து, சுற்றிலும் பளபளவென்று ஒரு ஈர வளையம் படர்ந்திருந்தது. காய்ந்ததாகத் தோன்றும் பூவின் அடியில் அரிப்பு ஓய்வதேயில்லை. மின்கலங்களின் ஆயுட்காலத்தைப் பொதுவாக 20 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பநிலைக்குத்தான் கணித்துச் சொல்கிறார்கள். கொழும்பின் ஆண்டுச் சராசரியோ 27 பாகை. நம் கடலோரத்தின் சூட்டிலும் உப்புக்காற்றிலும் பொருட்களைச் சோதித்துப் பார்க்க நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்குவது வீண்செலவென்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி வாசகி செய்யவேண்டியது. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள், காரம் கண்ணைக் கெடுக்கும். பஞ்சுக்குச்சியை வினாகிரியில் தோய்த்து, பிழிந்து, பூவின் மேல் ஒற்றுங்கள். நுரைக்கும். அது வெளியேறும் காபனீரொட்சைட்டு. புதிய குச்சி எடுத்து, நுரை அடங்கும்வரை தொடருங்கள். இத்துடன் நிறுத்திவிடாதீர்கள்: வினாகிரி காபனேற்றைப் பொற்றாசியம் அசற்றேற்றாக மாற்றியிருக்கும், அது இன்னும் பேராசையோடு ஈரம் குடிக்கும் உப்பு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். கடைசியாக, பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் ஒற்றி ஒரு நாள் காயவிடுங்கள். எதையும் ஊற்ற வேண்டாம், துளி உள்ளே இறங்கினால் எடுக்க வழியில்லை.

பிறகு புதிய மின்கலத்தைப் போட்டு, வில்லையின் மூடியைக் கழற்றி யன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். பார்வைத்துளைக்குள் வலப்பக்கத்தில் தெரியும் ஒளிமானியின் (ஒளியை அளக்கும் கருவியின்) ஊசி அசையாவிட்டால் கம்பி கறுத்திருக்கக்கூடும்; அதைப் புதிதாக மாற்றுவதே வழி, கறுத்த செம்பில் பற்றவைக்கும் ஈயம் ஒட்டாது. கே1000இன் ஒளிமானிக்குத் தனி ஆளி கிடையாது. வில்லையை மூடினால்தான் அது அடங்கும், இல்லாவிட்டால் மின்கலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அப்பா கடைசியாக வைத்தபோது மூடி போட்டிருந்தாரா என்று பாருங்கள்.