பாண்ட்: வைரச் சக்கரத்தில் வைரமல்லாத பாதி

கண்ணாடி விளிம்பு தீட்ட டயமண்ட் வீல் வாங்கப் போனால், கிரிட், அதாவது வைரத் துகளின் பருமனைக் குறிக்கும் எண், எத்தனை என்ற கேள்விதான் முதலில் வரும். மெட்டல் பாண்டா, ரெசின் பாண்டா என்பது அடுத்துதான். என்னைக் கேட்டால் வரிசையை மாற்றிவிடுவேன். வெட்டுவது வைரம்தான், ஆனால் அதை வெட்டவிடுவது பாண்ட்.

வைரத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருளுக்குத்தான் அந்தப் பெயர். டயமண்ட் வீல் என்றதும் வேலை செய்யும் பட்டை முழுக்க வைரம் என்று தோன்றும். அப்படி இல்லை. செறிவு 100 என்று குறித்த வீலில்கூட ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட்தான், அதாவது பட்டையின் கன அளவில் கால் பங்கு. செறிவு 50 என்றால் அரைக்கால். மிச்சத்தில் பெரும்பகுதி பாண்ட்.

தீட்டத் தீட்ட வைரத்தின் முனை மழுங்கும். அப்போது பாண்ட் கொஞ்சம் தேய்ந்து, மழுங்கிய துகளை உதிர்த்துவிட்டு, அடியிலிருக்கும் கூரான துகளை வெளியே காட்ட வேண்டும். பாண்ட் மிருதுவாக இருந்தால் கூர் போகாத வைரமும் உதிர்ந்து காசு கரையும். அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் மழுங்கியது அங்கேயே உட்கார்ந்துவிடும். வீலை நிறுத்தி விரலால் தடவினால் சொரசொரப்பே இருக்காது, வழவழவென்று பளபளக்கும். மோட்டார் திணறும், கண்ணாடி சூடேறும், விளிம்பில் பொடிப்பொடியாகச் சில்லு தெறிக்கும். உடனே கிரிட்டைக் குறை சொல்லி வேறு வீல் மாட்டுகிறவர்கள் உண்டு. டிரெஸ்ஸிங் கல்லை நனைத்து வீலில் கொடுத்தால் பாண்ட் சற்றே அரைபட்டு வைரம் தலைகாட்டும். அடிக்கடி அப்படிச் செய்ய வேண்டியிருந்தால், தண்ணீர் சரியாகப் படுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மிருதுவான பாண்டுக்கு மாறலாம்.

விளிம்பை முதலில் வெட்டி உருவம் கொடுக்க உலோக பாண்ட். பெரும்பாலும் வெண்கலக் கலவை, வடிவம் குலையாமல் நெடுநாள் நிற்கும். அதன் கீறல்களை மழுப்ப ரெசின் பாண்ட். எலெக்ட்ரோபிளேட்டட் வகையில் வைரம் ஒரே அடுக்கு, நிக்கல் முலாம் அதைப் பிடித்திருக்கும். வேகமாக வெட்டும், அடுக்கு போனால் வீலும் போச்சு.

சரி, பாண்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு வருவோம். ஆங்கிலத்தில் பாண்ட் என்பது கட்டு என்று பொருள்படும் பேண்ட் என்ற சொல்லின் மறுவடிவம். கட்டுதலைக் குறிக்கும் பைண்ட் அதன் உறவு. நாம் பந்தம் என்று சொல்கிறோமே, அதன் சமஸ்கிருத மூலமான பந்த என்பதும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்ததுதான். ஆனால் வீலுக்குப் பந்தம் ஒட்டாது. தீப்பந்தமும் சொந்தபந்தமும் குறுக்கே வரும். அகராதி தரும் பத்திரம் கடன் பத்திரத்துக்கானது. வேதியியலில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட பிணைப்பு என்பதே பொருத்தம். பிணைக்கும் பொருளைத் தனியாகச் சுட்ட வேண்டிய இடத்தில் பிணைப்பி என்று எழுதலாம். அப்படியானால் உலோகப் பிணைப்பு, பிசின் பிணைப்பு, மின்முலாம் பூசியது என்று வகைகள் தாமாக அமைந்துவிடும். வீலுக்குச் சாணைச் சக்கரம் என்ற பழகிய பெயர் இருக்கிறது.

கிரிட்டுக்குப் பரல் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பழைய ஆங்கிலத்தில் கிரிட் மணலையும் சரளையையும் குறித்தது, பரலும் சிறுகல்தான். ஒன்று மட்டும் கவனம்: பரலின் அளவைக் குறிக்கும் மெஷ் எண், சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்கு உள்ள கண்களின் எண்ணிக்கை. எண் ஏற ஏறப் பரல் சிறுக்கும். ஐரோப்பிய முறையின் டி எண்ணோ மைக்ரான் அளவை ஒட்டியது, அதனால் ஏற ஏறப் பரல் பெருக்கும். டி126 என்று பொறித்திருந்தால் அது 120/140 மெஷ்.